வாய்க்காலில் விழுந்த மோதிரம்
(துக்கமும், ராசிக்கல்லும், ஈமானும் – இம்மாதப் பாடம்)

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நமக்கு நீண்ட கடிதம் ஒன்று எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று அவரே கேட்டுக் கொண்டிருக்கிறார். கடிதத்தின் சுருக்கம் இது:

“எங்கள் மாமாவுக்குச் சொந்தமாகச் சிறு தென்னந்தோப்பு உண்டு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் அடித்த கஜா புயலில் தோப்பில் பாதிக்கு மேல் விழுந்து விட்டது. மாமா மனம் தளராமல் மறு வருஷமே தென்னம்பிள்ளைகளை வாங்கி நட்டார்கள். அவை பாளை விடும் பருவத்தில் மாமா வஃபாத்தாகி விட்டார்கள். அன்றிலிருந்து மாமிக்கு உறக்கமில்லை, சோறு செல்லவில்லை, தோப்புப் பக்கம் திரும்பிப் பார்ப்பதும் இல்லை. பதினைந்து மாதம் ஆகி விட்டது. உறவுக்காரர் ஒருவர் பேச்சைக் கேட்டு, கல் வியாபாரி ஒருவரிடம் பதினோராயிரம் ரூபாய்க்கு ஊதா நிறக் கல் ஒன்றை வாங்கி வெள்ளி மோதிரத்தில் பதித்துப் போட்டோம். அது மனக்கவலையை உறிஞ்சி விடும், கழற்றினால் ஆபத்து என்றார் அவர். முதல் வாரம் மாமி நன்றாகத் தூங்கினார்கள். பிறகு பழைய நிலைதான். போன மாதம் வாய்க்காலில் கை கழுவும்போது மோதிரம் நழுவி விழுந்து விட்டது. அன்று முதல், சபுரில் இருக்கும் மகனுக்கு ஏதோ கெடுதி வரப்போகிறது என்று மாமி அழுதபடி இருக்கிறார்கள். இன்னொரு கல் வாங்கலாமா? மார்க்கம் என்ன சொல்கிறது?”

கடிதத்தைப் படித்து நாம் கலங்கினோம். இது ஒரு வீட்டுக் கதை மட்டுமன்று. நவக்கிரகங்களுக்கு ஒன்பது கல் என்ற கணக்கில் தொடங்கிய ராசிக்கல் பழக்கம், ‘அகீக்’ என்றும் ‘பெரோஸா’ என்றும் இஸ்லாமியப் பெயர் சூடி நம் இல்லங்களிலும் நுழைந்திருக்கிறது. எனவே இம்மாதப் பாடத்தை இக்கேள்விக்கே ஒதுக்குகிறோம்.

கல் என்பது என்ன?

முதலில் ஒன்றைத் தெளிவாக்குவோம். இரத்தினங்கள் மீது நமக்கு வெறுப்பு இல்லை. முத்தும் பவளமும் மாணிக்கமும் திருமறையின் ‘அர்ரஹ்மான்’ அத்தியாயத்திலேயே சொல்லப்படுகின்றன. கீழக்கரையின் முன்னோர்கள் முத்தும் மணியும் விற்று நேர்மையாகப் பொருளீட்டியவர்கள். இலங்கையின் பேருவளையில் இன்றும் இரத்தின வியாபாரம் முஸ்லிம்களின் தொழிலாக இருந்து வருகிறது. நம் தஞ்சைக்கு அருகிலுள்ள வல்லத்தில் கிடைத்த பளிங்குக் கல்லை இழைத்து மூக்குக் கண்ணாடி செய்து அணிந்த காலமும் உண்டு. பார்வை மங்கியவருக்கு அந்தக் கல் உதவியது. எப்படி? ஒளியை வளைக்கும் தன்மையால்! அது கண்ணால் கண்டு சோதித்த உண்மை; எவரும் மறுக்க முடியாது.

ஆனால் மாமியின் விரலில் இருந்த ஊதாக் கல் எதனால் ஆனது? அதைச் செவ்வந்திக்கல் என்பார்கள். பளிங்கில் சிறிதளவு இரும்பு கலந்து, மண்ணுக்கடியில் நெடுங்காலம் கிடந்து நிறம் பெற்றது அது. பளிங்கு என்பது சிலிக்கா. காவிரி மணலில் பெரும் பங்கும் அதுதான். அகீக் கல்லும் அதே இனத்தைச் சேர்ந்ததே. மாணிக்கமும் நீலக்கல்லும் வெவ்வேறு கிரகங்களுக்கு உரியவை என்று விற்கிறார்களே, அவ்விரண்டும் ஒரே பொருள் என்பதை அறிவீர்களா? இரண்டும் அலுமினியமும் பிராணவாயுவும் சேர்ந்த ‘குருந்தம்’ என்னும் கனிமம். குரோமியம் சிறிது கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். அவ்வளவே!

“பளிங்குக்கு அதிர்வு உண்டு, கடிகாரத்திலேயே வைக்கிறார்களே!” என்று சில வியாபாரிகள் விஞ்ஞானம் பேசுவார்கள். உண்மைதான். கைக்கடிகாரத்தில் உள்ள பளிங்குத் துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆனால் பாட்டரியிலிருந்து மின்சாரம் பாய்வதனால்தான் அது அதிர்கிறது. பாட்டரியைக் கழற்றினால் கடிகாரம் நின்று விடும். விரலில் மாட்டிய கல்லுக்குப் பாட்டரி ஏது? அதற்கும் மனக்கவலைக்கும் தொடர்பு ஏது?

ஒரு சோதனையையும் சொல்கிறோம். லண்டனில் உள்ள கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் மனோதத்துவ அறிஞர் கிறிஸ்டோபர் பிரெஞ்சு என்பவர், எண்பது பேரின் கையில் கல்லைக் கொடுத்துத் தியானத்தில் இருக்கச் செய்து, என்ன உணர்ந்தார்கள் என்று கேட்டார். சிலர் பெற்றது உண்மையான பளிங்கு. சிலர் பெற்றது போலி. இந்த ஆய்வின் முடிவு 2001-இல் வெளியிடப்பட்டது. உடலில் வெதுவெதுப்பு, மனத்தில் அமைதி என்று உண்மைக் கல் பிடித்தவர்கள் எதைச் சொன்னார்களோ, அதையே போலிக் கல் பிடித்தவர்களும் சொன்னார்கள்!

இதை மேல்நாட்டார் சொல்லித்தான் நாம் அறிய வேண்டும் என்பதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த முஸ்லிம் அறிஞர் அல்பிரூனி இரத்தினங்களைப் பற்றியே தனி நூல் இயற்றியவர். மரகதத்தைப் பார்த்தால் பாம்பின் கண் அவிந்து விடும் என்று அக்காலத்தவர் நம்பி வந்தனர். அல்பிரூனி அதை அப்படியே ஏற்கவில்லை. பாம்பின் கழுத்தில் மரகத மாலையை இட்டார். அது கிடந்த கூடையில் மரகதங்களைப் பரப்பினார். கண்ணெதிரே ஆட்டிக் காட்டினார். வெயிலிலும் குளிரிலும் ஒன்பது மாதம் சோதித்தார். பாம்பின் கண்ணுக்கு ஒன்றும் நேரவில்லை. பார்வை இன்னும் கூர்மையானால்தான் உண்டு என்று நகைச்சுவையாக எழுதி வைத்தார். சொன்னதைச் சோதித்து அறிவது ஈமானுக்கு விரோதமன்று என்பதை அவர் நமக்குக் காட்டிச் சென்றார்.

கண்மணி நாயகத்தின் மோதிரம்

“நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே கல் பதித்த மோதிரம் அணிந்தார்களே?” என்று கேட்பவர்கள் உண்டு. ஆம், அணிந்தார்கள். அது வெள்ளி மோதிரம். அதில் அபிசீனியக் கல் ஒன்று இருந்ததாக ஹலரத் அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக ‘முஸ்லிம்’ நூலில் ஹதீது வந்திருக்கிறது. அதன் முகப்பும் வெள்ளியே என்று ‘புகாரி’யில் வந்திருக்கிறது. அதை ஏன் செய்தார்கள்? அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரை இல்லாத கடிதத்தை அவர்கள் படிக்க மாட்டார்கள் என்று தோழர்கள் எடுத்துச் சொன்னார்கள். அதனால் ‘முஹம்மது ரசூலுல்லாஹ்’ என்று பொறித்து முத்திரை மோதிரம் செய்தார்கள். கவலை தீர்வதற்கோ கிரகம் பார்த்தோ அணிந்தார்கள் என்று எங்கும் இல்லை. அகீக் மோதிரம் அணிந்தால் வறுமை தீரும், பரக்கத்து வரும் என்று சொல்லப்படும் ரிவாயத்துகளோ ஆதாரமற்றவை என்று ஹதீதுக் கலை இமாம்கள் தள்ளி விட்டார்கள்.

இனி, கடிதம் எழுதிய சகோதரியும் அவருடைய மாமியும் கவனமாகக் கேட்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அந்தப் புனித மோதிரம் பின்னர் என்ன ஆயிற்று? நாயகத்திற்குப் பின் அபூபக்கர் (ரலி), உமர் (ரலி), உதுமான் (ரலி) ஆகியோர் கைகளுக்கு அது வந்தது. ஒரு நாள் மதீனாவில் ‘அரீஸ்’ என்னும் கிணற்றருகே உதுமான் (ரலி) அவர்கள் அமர்ந்திருந்தபோது அது கிணற்றுக்குள் விழுந்து விட்டது. மூன்று நாள் தேடினார்கள், கிணற்று நீரையே இறைத்துப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. பெருமானாரின் விரலில் இருந்த மோதிரம் அல்லவா? மனம் வருந்தாமல் இருந்திருக்குமா? ஆயினும் தேடுவதை அத்துடன் விட்டார்கள். நன்மையும் தீமையும் மோதிரத்தின் கையில் இல்லை, அல்லாஹ்வின் கையில் இருக்கிறது என்பதைத் தோழர்கள் அறிந்திருந்தார்கள்.

பெருமானாரின் மோதிரமே கிணற்றில் விழுந்தது என்றால், பதினோராயிரம் ரூபாய்க் கல் வாய்க்காலில் விழுந்ததற்காக அஞ்சலாமா? ‘புது ஆறு’ என்று நம் பக்கத்தார் சொல்லும் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர், அந்தக் கல்லைத் தன் இனத்தைச் சேர்ந்த மணலோடு சேர்த்துக் கொண்டது. வேறொன்றும் நடக்கவில்லை. சபுரில் இருக்கும் மகனை அன்றும் காத்தவன் அல்லாஹ். இன்றும் காப்பவன் அவனே.

எது ஆகும்? எது ஆகாது?

பாடத்தின் மையம் இது. வீட்டில் உள்ள அனைவரும் மனத்தில் பதித்துக் கொள்ளுங்கள்.

ஒன்று: அழகுக்காகக் கல் அணிவது. இது ஆகும். ஆண்களுக்கு வெள்ளி மோதிரம் ஆகுமானது; தங்கம் ஹராம். பெண்களுக்குத் தங்கம், வெள்ளி, இரத்தினம் யாவும் ஆகும். வீண் விரயமும் பெருமையும் கூடாது. கணவரை இழந்த பெண் இத்தாக் காலமான நான்கு மாதம் பத்து நாளும் அலங்காரத்தைத் தவிர்க்க வேண்டும்.

இரண்டு: நலம் தருபவன் அல்லாஹ்தான், ஆனால் கல் ஒரு ‘சபப்’, அதாவது காரணம் என்று நினைத்து அணிவது. காரணம் என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் ஒன்று மார்க்கம் சொல்லியிருக்க வேண்டும். அல்லது மருந்தைப் போல அனுபவத்தில் நிரூபணம் ஆகியிருக்க வேண்டும். கல்லுக்கு இரண்டும் இல்லை. அல்லாஹ் காரணமாக ஆக்காததை நாமாகக் காரணம் ஆக்குவது சிறிய ஷிர்க்கின் வாசல் என்று ஆலிம்கள் எச்சரிக்கிறார்கள்.

மூன்று: கல்லே காக்கிறது, கழற்றினால் கல்லே கெடுக்கும் என்று நம்புவது. இது தெளிவான ஷிர்க். அல்லாஹ் நம்மைக் காப்பானாக!

பாதுகாப்புக்காகத் தாயத்துக் கட்டியிருந்த ஒருவரிடம், அதை நீக்கும் வரை நாயகம் (ஸல்) அவர்கள் பைஅத் பெறவில்லை என்று ஹதீது உண்டு. (திருமறை வசனம் எழுதிய தாயத்தைப் பற்றி இமாம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. அது வேறு பாடம்.)

உலகிலேயே கண்ணியமான கல் எது? ஹஜருல் அஸ்வத். அதன் முன் நின்ற ஹலரத் உமர் (ரலி) அவர்கள், அது நன்மையும் தீமையும் செய்ய இயலாத கல்தான் என்றும், பெருமானார் முத்தமிட்டதைக் கண்டிராவிட்டால் தாம் முத்தமிட்டிருக்க மாட்டோம் என்றும் எல்லோரும் கேட்கச் சொன்னார்கள். கஅபாவில் பதிந்த கல்லின் நிலையே அதுவானால், கடைத்தெருக் கல்லின் நிலை என்ன?

அப்படியானால் முதல் வாரம் தூக்கம் வந்ததே?

வந்திருக்கும். மாமி பொய் சொல்லவில்லை. நெடுநாளாகத் தனியே துயரப்பட்டவரை ஒரு நாள் வீட்டார் அனைவரும் சூழ்ந்து கொள்கிறார்கள். மருமகள் கையைப் பிடித்து மோதிரம் மாட்டுகிறாள். ‘இனி எல்லாம் சரியாகி விடும்’ என்று நாலு பேர் சொல்கிறார்கள். உள்ளத்தில் நம்பிக்கை பிறக்கிறது. அந்த அன்பும் நம்பிக்கையும்தான் தூங்க வைத்தன. புகழ் மட்டும் கல்லுக்குப் போயிற்று! வீட்டார் அவரவர் வேலைக்குத் திரும்பியதும் தூக்கமும் போயிற்று. சிந்தித்துப் பாருங்கள். மாமிக்குத் தேவைப்பட்டது எது?

துக்கப்படுவது குற்றமா?

நம் வீடுகளில் இன்னொரு தவறும் உண்டு. “ஈமான் உள்ளவர் அழலாமா? சபூர் செய்யுங்கள்” என்று துக்கப்படுபவரின் வாயை அடைத்து விடுகிறோம். அழ இடமில்லாத உள்ளம்தான் கல்லைத் தேடிப் போகிறது.

யஃகூப் (அலை) அவர்கள் நபி. மகன் யூசுஃபை (அலை) நினைத்து அழுது அவர்களுடைய கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறை கூறுகிறது. அவர்களுடைய பொறுமையை ‘அழகிய பொறுமை’ என்று சொல்வதும் அதே அத்தியாயம்தான். தம் துயரத்தை அல்லாஹ்விடமே முறையிடுவதாக அவர்கள் சொன்னார்கள். ஆக, அழுகையும் பொறுமையும் ஒரே உள்ளத்தில் இருக்கலாம். கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் தம் குழந்தை இப்ராஹீம் உயிர் பிரியும் வேளையில் கண்ணீர் வடித்தார்கள். “தாங்களுமா?” என்று ஒரு தோழர் வியந்தபோது, இது இரக்கம் என்று விளக்கினார்கள். கண் அழும், உள்ளம் வருந்தும், ஆனால் இறைவனுக்குப் பொருந்தாததை நாவு சொல்லாது என்பதே அவர்கள் காட்டிய வழி. மாரில் அடித்துக் கொள்வதும் ஒப்பாரியும்தான் தடை. கண்ணீருக்குத் தடை இல்லை.

துக்க வீட்டாரை நாயகம் (ஸல்) அவர்கள் வெறும் உபதேசத்தோடு விட்டு விடவும் இல்லை. ஜஃபர் (ரலி) அவர்கள் ஷஹீதான செய்தி வந்தபோது அவர்களுடைய குடும்பத்துக்கு உணவு சமைத்துக் கொடுக்கச் சொன்னார்கள். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மய்யித்து வீட்டாருக்கு ‘தல்பீனா’ என்னும் வாற்கோதுமைக் கஞ்சி காய்ச்சச் சொல்வார்கள். அது உள்ளத்துக்கு ஆறுதல் தந்து துயரத்தைச் சிறிது குறைக்கும் என்று நாயகம் சொன்னதாக அறிவித்தார்கள். கவலையிலிருந்தும் துயரத்திலிருந்தும் இயலாமையிலிருந்தும் காக்கும்படி அல்லாஹ்விடம் கேட்கும் துஆ ‘புகாரி’யில் இருக்கிறது. உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டு எழுதி வாங்கி, மக்ரிபுக்குப் பின் வீட்டார் எல்லோரும் சேர்ந்து ஓதுங்கள்.

துக்கம் எப்போது நோய் ஆகிறது?

இதை அழுத்தமாகச் சொல்கிறோம். எல்லாத் துக்கமும் நோயன்று. எல்லா நோயும் ஈமான் குறைவன்று. கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைது அல்பல்கீ என்ற அறிஞர், காரணம் தெரிந்த துயரம், காரணம் தெரியாத துயரம் என்று இரண்டாகப் பிரித்து, பின்னது உடல் சார்ந்தது, அதற்கு மருத்துவமும் வேண்டும் என்று எழுதினார். 1284-இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டிய மருத்துவமனையில் மனநோயாளிகளுக்குத் தனிப் பகுதி இருந்தது. இது நம் பாரம்பரியம்.

இதை மறந்ததன் விலையையும் நாம் கண்டிருக்கிறோம். 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஏர்வாடியில், மனநோயாளிகளைச் சங்கிலியில் பிணைத்து வைத்திருந்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். ஓடித் தப்ப அவர்களால் முடியவில்லை. துஆவை மட்டும் பிடித்துக் கொண்டு மருந்தைக் கைவிட்ட குடும்பங்களுக்கு அது ஒரு பெரும் பாடம். பின்னர் அதே ஏர்வாடியில் ‘தவா–துவா’ என்ற பெயரில் மருந்தும் பிரார்த்தனையும் சேர்ந்த சிகிச்சைக்கு அரசு வழி செய்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் நாள்தோறும் மனம் சோர்ந்திருத்தல், எதிலும் விருப்பமின்மை, உறக்கமும் பசியும் கெடுதல், தன்னையே குற்றவாளியாக நினைத்தல், ‘நான் இருந்து என்ன பயன்’ என்று பேசுதல் – இவை கூடி வந்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இறப்பால் வந்த துயரம் ஆறு மாதத்துக்கு மேலும் தணியாமல் அன்றாட வாழ்வையே முடக்கி விட்டால், அதைச் சிகிச்சைக்குரிய ஒரு நிலையாகவே உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. மாமிக்குப் பதினைந்து மாதம் ஆகி விட்டது! முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் அல்லாஹ் மருந்தை வைத்திருப்பதாகச் சொல்லி, மருத்துவம் செய்து கொள்ளும்படி நாயகம் (ஸல்) அவர்கள் ஏவினார்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற இலவசத் தொலைபேசி எண்ணில் தமிழிலேயே ஆலோசனை பெறலாம். சாவைப் பற்றி ஒருவர் பேசினால் ‘அது ஹராம்’ என்று அதட்டி நிறுத்தி விடாதீர்கள். அருகில் உட்காருங்கள்; தனியே விடாதீர்கள்; அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

சகோதரிக்கு நம் பதில்

சகோதரியே! இன்னொரு கல் வாங்க வேண்டாம். மோதிரம் விழுந்ததால் எந்தக் கெடுதியும் வராது என்று மாமியிடம் அரீஸ் கிணற்றின் வரலாற்றைச் சொல்லுங்கள். அறியாமல் செய்ததற்கு எல்லோரும் தவ்பாச் செய்யுங்கள், அல்லாஹ் மன்னிப்பவன். இன்னொரு கல்லுக்கு எடுத்து வைத்த பணம் இருந்தால் தஞ்சாவூர் போய் வரும் செலவுக்கு ஆகட்டும். சபுரில் இருக்கும் மகன், பணம் அனுப்புவதோடு நிறுத்தாமல் நாள்தோறும் உம்மாவோடு பேசட்டும். அத்தாவைப் பற்றியும் பேசட்டும்.

இன்னும் ஒன்று. முஸ்லிம் ஒருவர் மரம் நட்டு, அதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்டால், அது நட்டவருக்கு சதக்கா ஆகும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியிருக்கிறார்கள். புயலுக்குப் பின் உங்கள் மாமா நட்ட தென்னம்பிள்ளைகள் இப்போது காய்க்கும் பருவத்தில் நிற்கின்றனவே! அத்தோப்பில் ஓர் அணில் இளநீரைக் கொறித்தாலும் அவருக்கு நன்மை எழுதப்படும். மாமி கண்ணை மூடிக் கொள்ளும் அந்தத் தோப்புதான் அவர்களுடைய கணவர் விட்டுச் சென்ற செல்வம். ஒரு நாள் அஸருக்குப் பின் மாமியின் கையைப் பிடித்து மெல்ல அங்கே அழைத்துப் போங்கள். அழுதால் அழட்டும். முதல் குலை இளநீரை வெட்டி, வழியில் போகும் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்லுங்கள். உடனே எல்லாம் தீர்ந்து விடும் என்று நாம் சொல்லவில்லை. மருந்தும் வேண்டும், நாளும் வேண்டும். ஆயினும், மோதிரம் இருந்த அந்த விரலை இனி ஒரு மனிதரின் கை பிடித்திருக்கட்டும்.

யா அல்லாஹ்! துயருற்ற உள்ளங்களுக்கு உன் நினைவைக் கொண்டு அமைதி தருவாயாக! எங்கள் வீடுகளை ஷிர்க்கிலிருந்தும், அதன் நிழலிலிருந்தும் காப்பாயாக! மரித்தோரின் கப்ருகளை ஒளியாக்குவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வீட்டில் கலந்து பேச:

1. நம் வீட்டில் அழகுக்காக அன்றி வேறு நம்பிக்கையில் அணியும் கல், கயிறு, காப்பு ஏதும் உண்டா?

2. முத்திரை மோதிரத்தை நாயகம் (ஸல்) அவர்கள் எதற்காகச் செய்தார்கள்?

3. நம் தெருவில் துக்கத்தில் இருக்கும் வீடு எது? கடைசியாக நாம் அங்கே போய் உட்கார்ந்தது எப்போது?